பிட்ஸ்பர்க்கில் குறைந்த செலவில் குடியிருக்க எந்தப் பகுதி நல்லது?

தாமிரக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டில் நியூ ஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க்குக்குக் குடிபெயர்கிறோம். எனக்கு அங்கே பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஓக்லாந்து பகுதியில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பெரிதில்லை. கணவர் வீட்டிலிருந்தே பகுதி நேரமாக வேலை பார்க்கிறார். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. கார் ஒன்றுதான். இரண்டாவது வாங்கும் எண்ணம் இல்லை.

வாடகை விளம்பரங்களைப் பார்த்தால் இங்கிருப்பதைவிட எல்லாமே மலிவாகத் தெரிகிறது. வீட்டு விலையைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. இவ்வளவு மலிவு என்றால் ஏதாவது காரணம் இருக்க வேண்டும் அல்லவா? எந்தப் பகுதிக்குப் போனால் மாதச் செலவு உண்மையிலேயே குறையும்? முதலில் வாடகைக்கு இருந்துவிட்டு, பிடித்திருந்தால் பிறகு வாங்கலாம் என்று நினைக்கிறோம்.

மூன்றாறு

வாருங்கள் சகோதரி. காரணம் இருக்கிறது. 1950இல் இந்த நகரத்தின் மக்கள்தொகை 6,76,806. 2020 கணக்கெடுப்பில் 3,02,971. ஏறக்குறைய ஏழு லட்சம் பேருக்கு எழுந்த ஊரில் இன்று மூன்று லட்சம் பேர் வாழ்கிறோம். புறநகருக்குப் போனவர்கள் போக, 1980களில் எஃகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது வேலை தேடி ஊரைவிட்டே போனவர்கள் ஏராளம். மனோங்கஹீலா ஆற்றங்கரையில் இருந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. 1892இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த அதே ஆலை. அந்த நிலத்தில் 1999இல் கடைத்தெரு ஒன்று திறந்தார்கள். வரிசையாக நிற்கும் 12 செங்கல் புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் மளிகை வாங்கப் போகும்போது பார்ப்பீர்கள்.

ஆட்கள் போனார்கள், வீடுகள் நின்றன. மலிவுக்கு அடிப்படை இதுதான். ஆனால் இந்த மலிவு ஊர் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. அதிகாரபூர்வமாகவே 90 பகுதிகள். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போனால் வாடகை, பள்ளி, பஸ், கடை எல்லாம் மாறிவிடும். ஆகவே ஊரின் சராசரி வாடகை என்று எங்காவது படித்தால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது பஸ். பிறகுதான் வாடகை. இங்கே ‘டி’ என்று அழைக்கப்படும் ரயில் இருக்கிறது. அது நகர மையத்திலிருந்து தெற்கே போகிறது, ஓக்லாந்துக்குப் போவதில்லை. விளம்பரத்தில் ‘ரயில் நிலையம் அருகில்’ என்று பார்த்துவிட்டு டார்மன்ட், பீச்வியூ பக்கம் வீடு பிடித்தால், தினமும் நகர மையத்தில் இறங்கிப் பஸ் மாற வேண்டியிருக்கும். இரண்டுமே நல்ல பகுதிகள்தான். நகர மையத்தில் வேலை செய்பவர்களுக்கு அவற்றைக் கட்டாயம் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

ஓக்லாந்துக்கு 61, 71 என்று தொடங்கும் தடங்கள்தான் உயிர்நாடி. அந்தத் தடங்களை ஒட்டி வீடு தேடுங்கள். ஸ்குவிரல் ஹில் எல்லாவற்றிலும் வசதி, வாடகையும் அதற்கேற்ப. அதை ஒட்டிய கிரீன்ஃபீல்ட் கொஞ்சம் இறங்கி வரும். கிழக்கே ஸ்விஸ்வேல் இன்னும் குறையும். ஸ்விஸ்வேலிலிருந்து நகர மையத்துக்குப் பஸ்ஸுக்கென்றே தனிச்சாலை இருக்கிறது. 1983இல் திறந்து, பிறகு ஸ்விஸ்வேல்வரை நீட்டினார்கள். கார் நெரிசல் அந்தச் சாலையைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று, மாமியாருக்காகச் சொல்கிறேன். வரைபடத்தில் தெரு என்று காட்டும் இடம் நேரில் படிக்கட்டாக இருக்கலாம். நகரத்துக்குச் சொந்தமான பொதுப் படிக்கட்டுகள் மட்டும் சுமார் 800. ஆலைத் தொழிலாளர்கள் மேட்டிலிருந்த வீட்டிலிருந்து ஆற்றங்கரை ஆலைக்கு இறங்கிப் போன வழிகள் அவை. பஸ் நிறுத்தம் ‘ஐந்து நிமிட நடை’ என்று செயலி காட்டும். அந்த ஐந்து நிமிடமும் படியிறக்கமாக இருந்தால் பனிக்காலத்தில் முழங்கால் வலியுள்ளவர் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாது. வீட்டு வாசலிலும் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். தெருவிலிருந்து முன்கதவுக்கே இருபது படி ஏற வேண்டிய வீடுகள் இங்கே சாதாரணம்.

செங்கல்வீடு

மூன்றாறு அண்ணா சொன்னதோடு வரிக் கணக்கைச் சேர்க்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் குடியிருந்தால் உங்கள் உழைப்பு வருமானத்தில் 3 சதவீதம் உள்ளூர் வரி: 1 நகரத்துக்கு, 2 பள்ளி நிர்வாகத்துக்கு. சுற்றியுள்ள பல சிறு ஊர்களில் இது 1 சதவீதம்தான். குடும்ப வருமானம் 60,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,800க்கும் 600க்கும் உள்ள வித்தியாசம். மாதம் 100 டாலர். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது வாடகையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் எல்லை தாண்டினால் பள்ளியும் மாறும். ஸ்விஸ்வேல் தனி ஊராட்சி. குழந்தைகள் உட்லேண்ட் ஹில்ஸ் பள்ளி மாவட்டத்துக்குப் போக வேண்டும். கிரீன்ஃபீல்ட் நகரத்துக்குள் இருக்கிறது. அங்கேயே எட்டாம் வகுப்புவரை உள்ள பொதுப் பள்ளி உண்டு. இரண்டு பள்ளிகளையும் நேரில் பார்த்து, ஆசிரியர்களிடம் பேசி முடிவெடுங்கள். இணையத்தில் பள்ளிக்குப் போடும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் அந்தப் பகுதி மக்களின் வருமானத்தைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. நகரப் பொதுப் பள்ளியில் படித்தால் கல்லூரிக்கு ‘பிட்ஸ்பர்க் பிராமிஸ்’ உதவித்தொகை கிடைக்கும் என்று பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். அது 2028இல் பள்ளி முடிப்பவர்களோடு நிற்கிறது. உங்கள் மகளுக்குக் கிடைக்காது, கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு வாங்குவதாக இருந்தால் பேஸ்மென்டிலிருந்து, அதாவது வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையிலிருந்து தொடங்குங்கள். இங்கே வீட்டின் உண்மை நிலை அங்கேதான் தெரியும். கீழே இறங்கியதும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். பிறகு சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். மேட்டுப் பக்கச் சுவர் உள்ளே வளைந்திருந்தால் மழைநீர் மண்ணைத் தள்ளுகிறது என்று அர்த்தம். தரையில் சாக்கடை வாய் இருக்கும். அதைச் சுற்றிக் கறை வட்டம் இருந்தால் பெருமழையில் தண்ணீர் மேலே வந்திருக்கிறது. இந்த ஊரின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. பேஸ்மென்டில் சுவரோ மறைப்போ இல்லாமல் தனியாக ஒரு கழிப்பறைப் பீங்கான் நின்றால் திகைக்க வேண்டாம். ஆலையிலிருந்து வந்த தொழிலாளி நேராகக் கீழே இறங்கிக் கழுவிக்கொண்டு மேலே வருவார் என்று பழையவர்கள் சொல்வார்கள்.

தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் பழைய சுட்டமண் குழாய். மர வேர் உள்ளே புகுந்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர் செலவாகும், பல ஆயிரம் மிஞ்சும். குடிநீர் இணைப்பு ஈயக் குழாயா என்று கேளுங்கள். நகரம் 2016இலிருந்து மாற்றி வருகிறது. ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு. அதற்கான சோதனை கட்டாயம் செய்யுங்கள்; ஒரு லிட்டர் காற்றில் 4 பிக்கோகியூரி அல்லது அதற்கு மேல் வந்தால் அதை வெளியேற்றும் விசிறி வைக்க வேண்டும். கடைசியாக, உங்கள் வீட்டுக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கம் இருக்கலாம். நான் மிகைப்படுத்தவில்லை. இன்று மவுன்ட் வாஷிங்டன் என்று அழைக்கப்படும் குன்றின் பழைய பெயரே நிலக்கரிக் குன்று. சாதாரண வீட்டுக் காப்பீடு சுரங்கம் இறங்குவதால் வரும் சேதத்துக்குப் பணம் தராது. பென்சில்வேனியா அரசே அதற்கெனத் தனிக் காப்பீடு விற்கிறது.

கணக்குப்பிள்ளை

வாடகை எதற்கு என்று கேட்கிறேன். மனோங்கஹீலா பள்ளத்தாக்கில் பிராடக், டக்கேன், கிளேர்ட்டன் பக்கம் போனால் நல்ல கார் வாங்கும் பணத்துக்கு வீடு கிடைக்கிறது. பாதிக் கடைகள் மூடிக் கிடப்பது உண்மைதான். ஆனால் கடன் இல்லாமல் சொந்த வீட்டில் உட்காரலாம். மிச்சமாகும் வாடகையில் இரண்டாவது காரே வாங்கிக்கொள்ளலாம். மலிவாக வாழ வேண்டும் என்று கேட்டுவிட்டு ஸ்குவிரல் ஹில்லை ஒட்டித் தேடச் சொல்வது சரியாகப் படவில்லை.

காற்றுமானி

கணக்குப்பிள்ளை ஐயா, அந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டு விலையைச் சொன்னீர்கள், காற்றைச் சொல்லவில்லை.

பிட்ஸ்பர்க்கில் எஃகு முடிந்துபோன கதை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். முடியவில்லை. பிராடக்கில் எட்கர் தாம்சன் ஆலை 1875இலிருந்து இன்றுவரை ஓடுகிறது. அதற்கு வேண்டிய கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள், கிளேர்ட்டனில் தயாராகிறது. 2018 டிசம்பர் 24 அன்று அங்கே தீப்பிடித்து மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கெட்டுப்போய், பல வாரம் கந்தகப் புகை கட்டுப்பாடு இல்லாமல் வெளியேறியது. 2025 ஆகஸ்டில் வெடிவிபத்து நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

விபத்து இல்லாத சாதாரண நாளிலும் பள்ளத்தாக்கின் அமைப்பே பிரச்சினை. இரவில் குளிர்ந்த காற்று கீழே தங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். புகை மேலே போக வழியில்லை. விடியற்காலையில் அழுகிய முட்டை நாற்றத்தோடு எழுந்திருப்போம். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத்தான் கலையும். அதாவது குழந்தைகள் பள்ளிப் பஸ்ஸுக்காகத் தெருவில் நிற்கும் நேரம் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார்கள். என் மகனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர், அவசர சிகிச்சை, வேலைக்கு விடுப்பு எல்லாவற்றையும் கூட்டினால் அந்த வீடு மலிவாகவே இல்லை.

அங்கே வாழ்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் ஒவ்வொரு காற்றுத் தரக் கூட்டத்திலும் எழுந்து பேசுவார். போக இடமில்லாதவர்கள் அங்கே போராடுகிறார்கள். தேர்ந்தெடுக்க முடிகிற நீங்கள் சிறு பெண்ணையும் வயதானவரையும் அங்கே கூட்டிப் போகாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எந்தப் பகுதியில் வீடு பார்த்தாலும் ‘ஸ்மெல் பிஜிஹெச்’ என்ற செயலியில் முந்தைய மாதங்களின் நாற்றப் புகார்களைப் பாருங்கள். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் செய்தது. ஸ்விஸ்வேல் பார்ப்பதாக இருந்தாலும் பாருங்கள். பிராடக் அங்கிருந்து தூரமில்லை.

கணக்குப்பிள்ளை

குழந்தை இருக்கும் வீட்டுக்கு நீங்கள் சொல்வது நியாயம். கடன் இல்லாத வீட்டின் மதிப்பைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. நகரத்துக்குள்ளேயே காரிக், பெல்ட்ஸ்ஹூவர் பக்கமும் விலை குறைவு என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாறு

காரிக் நல்ல யோசனை. பிரவுன்ஸ்வில் சாலை நெடுகப் பூட்டான் நேபாளி மக்களின் கடைகள். அகதிகளாக வந்து அந்தத் தெருவைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள். கொத்தமல்லி, பச்சை மிளகாய், பருப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் காரிக்கிலிருந்து ஓக்லாந்துக்குப் பஸ் மாற வேண்டும்.

தாமிரக்கரை

எல்லோருக்கும் நன்றி. காற்று பற்றி யாரும் சொல்லியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. இரண்டு கேள்விகள். லாரன்ஸ்வில், ஈஸ்ட் லிபர்ட்டி என்ற பெயர்கள் விளம்பரங்களில் அடிக்கடி வருகின்றன, அவை எப்படி? இன்னொன்று மனத்தை உறுத்துவது. என்னுடன் வேலை செய்யப் போகிற ஒருவர், உங்களைப் போன்றவர்கள் வருவதால்தான் எங்கள் வாடகை ஏறுகிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். அது உண்மையா?

வடகரை

உண்மை. ஆனால் அதில் உங்கள் பங்கு எது, நகரத்தின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் லிபர்ட்டியில் நபிஸ்கோ பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு 2010இல் கூகுள் குடிவந்தது. சம்பளம் அதிகமுள்ளவர்கள் அருகில் வீடு தேடினார்கள். சற்றுத் தள்ளி பென் பிளாசா என்ற அடுக்ககம்; 200க்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், பலர் முதியவர்கள். 2015இல் 90 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. போராடிக் கொஞ்சம் கால அவகாசம் வாங்கினார்கள். 2017க்குள் எல்லாம் இடிக்கப்பட்டது. 2010க்கும் 2020க்கும் இடையே நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை சுமார் 10,000 குறைந்தது. மக்கள் இல்லாமல் வெறிச்சோடிய ஊர் என்று பெயர் வாங்கிய இடத்திலேயே இருந்தவர்களுக்கு வீடு இல்லாமல் போனது. இதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. 1950களிலும் இதைத்தான் செய்தார்கள்: ஹில் டிஸ்ட்ரிக்டின் கீழ்ப் பகுதியை இடித்து விளையாட்டரங்கம் கட்டச் சுமார் 8,000 பேரை வெளியேற்றினார்கள்.

லாரன்ஸ்வில் தொழிலாளர்களின் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நின்ற பகுதி. 2009இல் குழந்தைகள் மருத்துவமனை அங்கே இடம்பெயர்ந்தது. பிறகு ரோபோ நிறுவனங்கள் வந்தன. இன்று ஊரிலேயே விலை கூடிய இடங்களில் ஒன்று. உங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே ஊரில் வேறொரு வரலாறும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1968இல் நகரத்தின் வடகரைப் பகுதியில் (நார்த் சைட்) டோரத்தி மே ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். எங்கள் தெருவை இடிக்காதீர்கள், வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் கொடுங்கள் என்று வங்கிகளை ஒத்துக்கொள்ள வைத்தார். அவர் தொடங்கிய முறையை நாடு முழுக்கப் பின்பற்றினார்கள். 1978இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்கென ஒரு நிறுவனத்தையே உருவாக்கியது. லாரன்ஸ்விலில் 2019இலிருந்து ஒரு விதி: 20 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கட்டினால் 10 சதவீதம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். பிறகு புளூம்ஃபீல்ட், போலிஷ் ஹில் பகுதிகளுக்கும் அதை நீட்டினார்கள். சிட்டி ஆஃப் பிரிட்ஜஸ் என்ற சமூக நில அறக்கட்டளை நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறது. நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை. நீங்கள் விற்கும்போது கொள்ளை லாபம் வைக்க முடியாது. உங்களுக்குப் பிறகு வாங்கும் குடும்பத்துக்கும் அதே மலிவு கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. உங்கள் சம்பளம் பெரிதில்லை என்றீர்களே, வாங்கும் காலம் வரும்போது அங்கே விண்ணப்பியுங்கள்.

நீங்கள் வருவது தவறில்லை. யாரையாவது வெளியேற்றிவிட்டுப் புதுப்பித்த வீடா என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வந்த பிறகு பகுதிக் கூட்டங்களுக்குப் போங்கள். அங்கே முதியவர்கள் பத்துப் பேர் மட்டும் உட்கார்ந்து தெருவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கட்டடக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

செங்கல்வீடு

வடகரை சொன்னதில் புதிதாக வருபவர்களைப் பாதிக்கும் இன்னொரு பக்கம் சொத்து வரி. மாவட்டம் முழுக்க 2012 மதிப்பீட்டில்தான் வரி ஓடுகிறது. ஒருவர் வீட்டை விற்றதும், விற்ற விலையைக் காட்டிப் பள்ளி நிர்வாகம் மறுமதிப்பீடு கேட்கலாம். ஆகவே பழைய உரிமையாளர் கட்டிய வரியைக் காட்டி விளம்பரம் செய்தால் அதை உங்கள் வரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோபுரவாசல்

யாரும் கோயிலைப் பற்றிச் சொல்லவில்லையே. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் 1976இலிருந்து இருக்கிறது. அதை நம்பியே மன்றோவில் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்திய மளிகைக் கடைகளும் அங்கே உண்டு. மாமியாருக்குப் பேச்சுத் துணை கிடைக்கும். ஆனால் ஓக்லாந்தில் வேலை என்றால் தினமும் ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதை நெரிசலில் நிற்க வேண்டும். கார் ஒன்றுதான் என்பதால் நீங்கள் அதை எடுத்துப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். வார இறுதியில் கோயிலுக்கு வாருங்கள், குடியிருப்பு நகரத்துக்குள் இருக்கட்டும் என்பேன்.

தாமிரக்கரை

நேற்று இரவு மாமியாரோடு உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். கோயில் வாரம் ஒருமுறை போதும், தெருவில் தானாக நடந்து ஒரு கடைக்குப் போய் வர வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றார். அதனால் கிரீன்ஃபீல்டின் மரே அவென்யூப் பக்கத்தை முதலாகவும், ஸ்விஸ்வேலை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறோம். 3 சதவீத வரியைச் சேர்த்த பிறகும், இரண்டாவது கார் வாங்காமல் இருப்பதால் கிரீன்ஃபீல்ட் கட்டுப்படியாகிறது. ஜூனில் நேரில் பார்க்க வருகிறோம். மாடி வீடு ஒன்றும், தரைத்தள வீடு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். தரைத்தளத்துக்கு வாடகை கொஞ்சம் கூடுதல். மாடி வீட்டுக்கு வெளிப்புறப் படிக்கட்டு. ஒப்பந்தத்தில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

செங்கல்வீடு

தரைத்தளத்தையே எடுங்கள் தங்கை. வெளிப்புறப் படியில் ஜனவரியில் பனி உறையும்.

வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடக்கமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சென்ற ஜனவரி, பிப்ரவரி மாத எரிவாயுக் கட்டணச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நூறு வயதுச் செங்கல் வீட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகப் போகும் சூட்டுக்கு வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடலாம். காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம். நடைபாதைப் பனியை, பனிப்பொழிவு நின்ற 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்பது நகர விதி. அது உங்கள் வேலையா, உரிமையாளர் வேலையா என்று எழுத்தில் வாங்குங்கள். பேஸ்மென்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால் மாமியார் அந்தப் படியில் இறங்க முடியுமா என்றும் பாருங்கள். பழைய வீடுகளில் அந்தப் படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடியும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான்.

மூன்றாறு

ஜூனில் வரும்போது வார நாளில் வாருங்கள். காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து நடந்து மரே அவென்யூவில் பஸ் ஏறி ஓக்லாந்து போய்ப் பாருங்கள். நிறைந்த பஸ் நிற்காமல் போகிறதா என்று அப்போதுதான் தெரியும். மாலையில் திரும்பும்போது நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றமா என்று மாமியாரை நடக்கவிட்டுப் பாருங்கள். வரும் தேதியை இங்கே எழுதுங்கள். அந்தத் தெருக்களைக் கூடவே வந்து காட்டுகிறேன்.